வானத்தில் ஒரு வணக்கம்

சேக்காட்டில் குடியிருந்துகொண்டு வீட்டுக்குள் பொம்மை ரயில் விடுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி விட்ட நாளிலிருந்து ஓய்வில்லாத தடம் எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. ஹாரன் சத்தம் எங்கள் சமையலறை வரை வரும். "அதான் நிஜ வண்டியே ராவும் பகலும் ஓடுதே, அப்புறம் எதுக்குங்க இது?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் பிளைவுட் அறுக்கப் போய்விட்டேன்.

என் ரயில் எச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 21 மீட்டர் என்றால் என்னிடம் அது 24 சென்டிமீட்டர். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் தடம் போட பதினொன்றரை மீட்டர் ஹால் வேண்டும். எனக்கு வாய்த்த இடம் எட்டடி, அதுவும் கிழக்கு ஜன்னலை ஒட்டி. அதில் நான் செய்துவைத்த இந்து காலேஜ் ஸ்டேஷனைத் தாண்டியதும் உலகம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பின்னால் ஒரு வானம் தேவைப்பட்டது.

முதலில் சார்ட் பேப்பர். நான்கு தாள், நான்கு நீலம். ஒட்டிய இடமெல்லாம் வானத்துக்குத் தையல் போட்ட மாதிரி தெரிந்தது. அடுத்து தெர்மாகோல். அதன் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது அடித்த பிறகு தெரிந்தது. தின்னர் பட்ட இடமெல்லாம் உருகி, ஓசோனில் ஓட்டை என்று பள்ளியில் படித்ததை நேரில் பார்த்தேன். பிறகு ஹார்டுபோர்டு. இது நல்ல சரக்கு. மூலையில் மடிப்பு விழாமல் வளைந்து நின்றது. மூலையில் கோடு தெரிந்தால் அது வானமில்லை, சுவர். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து உப்பிக்கொண்டது. தட்டையான சேக்காட்டுக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர்!

நிறமும் லேசில் அமையவில்லை. பெயின்ட் கடைக்காரர் நீட்டிய அட்டையில் இருந்த நீலம் எதுவும் எங்கள் ஊர் மேலே கிடையாது. இங்கே மே மாதத்து வானம், கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு சொட்டு நீலம் விட்ட நிறம். கீழே போகப் போக அந்தச் சொட்டும் இருக்காது.

கடைசியில் பிளக்ஸ். கடைப் பையன், "புதுசு எதுக்கு சார்? பழசைத் திருப்பிப் போடுங்க, பின்பக்கம் வெள்ளைதான்" என்று ஒரு பேனரைச் சும்மாவே கொடுத்தான். அந்த வெள்ளையில் வெளிறிய நீலம் பூசினேன். அடியில் இரண்டு பனைமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. ராத்திரி டியூப்லைட்டில் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

காலை ஏழு மணிக்கு ஜன்னல் வழியே வெயில் ஏறியது. ஸ்டேஷனுக்கு மேலே, வானம் முழுக்க, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பிச் சிரித்தார். தலைக்கு மேல் 'வருக வருக' இடமும் வலமும் மாறி நின்றது. அம்மா காபியோடு வந்தவர், ஒரு கையால் பதில் வணக்கம் வைத்துவிட்டு, "யாருடா இது, ஓட்டுக் கேட்க வந்திருக்காரா?" என்றார்.

விடுவேனா? பஞ்சை எடுத்து அவர் முகத்துக்கு நேராக மேகம் ஒட்டினேன். முகம் போய்விட்டது. இப்போது தினமும் காலையில், மேகத்துக்கு அடியிலிருந்து கூப்பிய கைகள் மட்டும், மூன்று மோதிரங்களோடு வெளிப்படுகின்றன.

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கும்பிட ஆரம்பித்திருக்கிறார்.