கதை ஓனர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் 'ஓனர்' என்ற சொல்லுக்கு மரியாதை அதிகம். டிராக்டர் ஓனர், நெல் அறுக்கிற மெஷின் ஓனர், மண்டபத்து ஓனர் என்று வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றவர் நம்மாள்: கதை ஓனர். இயற்பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டில் பார்த்துக்கொள்ளலாம். ஊர் அவரை ஓனர் என்றுதான் கூப்பிடுகிறது, அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

தொழில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ், மக்காச்சோள விதை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயிலுக்குப் பயந்து ஒரு ஆள் கடைப்பக்கம் வராது. அந்த நேரத்தில் கதை பிறக்கும். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுவார்.

"ஒரு நோட்டு வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நோட்டுல என்னா இருக்குது சார்? வெறும் கோடு. ரசீதுல நம்பர் இருக்குது, தேதி இருக்குது, ஜிஎஸ்டி நம்பர் இருக்குது. நாளைக்குக் கோர்ட்டுல எவன் மறுக்க முடியும்?"

ஒருமுறை பின்பக்கத்துக் கதையோடு, இரண்டு மூட்டை டிஏபிக்கான ரசீது கச்சிராயபாளையத்துக்குப் போய்விட்டது. வாங்கிப்போன விவசாயி மறுவாரம் வந்து, "ஏங்க, அந்தப் பொண்ணு அப்புறம் என்னா ஆச்சு?" என்று ஆசையாகக் கேட்டார். வேறு எழுத்தாளராக இருந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். ஓனர் ரசீதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வேற யாருக்காச்சும் காட்டினீங்களா?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

எழுதிய கதை மாலையில் முகநூலுக்கும் வாட்ஸப் குழுக்களுக்கும் போகும். கதை இருபது வரி என்றால் அதன் அடியில் எச்சரிக்கை முப்பது வரி. 'இக்கதையின் கரு, உரு, உரையாடல், எழுத்துப்பிழை உள்பட அனைத்தும் ஆசிரியருக்கே சொந்தம்' என்று தொடங்கி, எடுத்தாள்வோர் குடும்பத்துக்கு நேரக்கூடிய கெடுதல்கள் வரை போகும். எங்கள் தெருக் குழுவில் பலர் கதையை விட்டுவிட்டு எச்சரிக்கையைத்தான் படிக்கிறார்கள். விறுவிறுப்பு அதில்தான் அதிகம்.

அப்படியும் திருப்தி வராமல், கதையைப் படமாக மாற்றி, அதன் மேலே தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வாட்டர்மார்க் மாதிரி ஓடவிட்டார். மீசை நான்காம் வரியை மறைத்தது. கண்ணாடி ஏழாம் வரியை விழுங்கியது. கதாநாயகிக்கு என்ன ஆனது என்று தெரியாமல் ஆறு பேர் போன் செய்தார்கள். ஓனர் அவர்களுக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினார், ரெக்கார்டு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பிறகு எங்கிருந்தோ ஒரு வீர வசனம் அவருக்கு வந்து சேர்ந்தது. 'ரோம் சாசனத்தின்படி என் பதிவுகளைப் பயன்படுத்த முகநூலுக்கு நான் அனுமதி அளிக்கவில்லை' என்பது அது. 2012 வாக்கில் உலகம் சுற்றக் கிளம்பி இன்னும் வீடு திரும்பாத வசனம். அதை ஓனர் வெள்ளிக்கிழமைதோறும் பதிவிடுகிறார். ரோம் சாசனம் 1998-இல் உருவானது. இனப்படுகொலை, போர்க்குற்றம் ஆகியவற்றை விசாரிக்கும் பன்னாட்டு நீதிமன்றத்துக்கானது. இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "கதையைத் திருடறது மட்டும் என்னா சார், அதுவும் ஒரு கொலைதான்" என்றார்.

அடுத்தது தபால். தன் கதையைத் தானே உறையில் போட்டு, ஒட்டி, தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, வந்ததைப் பிரிக்காமல் பீரோவில் அடுக்குவது. முத்திரையில் தேதி இருக்கும் அல்லவா? அனுப்புநரும் அவரே, பெறுநரும் அவரே என்பதால் தபால்காரர் முதலில் மனக்குழப்பம் என்று நினைத்து வீட்டம்மாவிடம் இரகசியமாக விசாரித்தாராம். 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது கதை முன்னைவிட வேகமாக அவரிடமே திரும்பி வருகிறது.

இவ்வளவு பதற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 2018 தீபாவளியைக் காட்டுவார். 'சர்கார்' படம் வெளியாகும் முன், வருண் ராஜேந்திரன் என்ற உதவி இயக்குநர், 2007-இல் தான் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்த 'செங்கோல்' கதையோடு அது ஒத்துப்போகிறது என்று முறையிட்டார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டு கதைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்றார். விஷயம் உயர்நீதிமன்றம் வரை போய், படத்தில் வருண் பெயரைப் போடுவது என்று சமரசமானது. அந்தச் செய்தியை ஓனர் லேமினேட் செய்து கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து எந்தப் படத்துக்குப் போனாலும் இடைவேளையில் எழுந்து நின்று, "இது நம்ம கதை" என்பார். கிராமத்தில் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு வந்தால் போதும், அவருடையதுதான்.

ஒருநாள் கோர்ட்டுப் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். வக்கீல் பொறுமைசாலி.

"உங்க கதைக்கு நீங்கதான் ஓனர். அதுக்கு ரசீதும் வேணாம், ரோமும் வேணாம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடிச்ச நிமிஷமே உரிமை வந்துடுது. பதிவு கட்டாயம் இல்லை. ஆசைப்பட்டா 500 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணிக்கலாம். உங்க ஆயுசு முழுக்க உங்களுக்கு, அதுக்கப்புறம் 60 வருஷம் உங்க வாரிசுக்கு."

"அதுக்கப்புறம்னா?"

"நீங்க போனப்புறம்."

"நான் எங்க சார் போறேன்?"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "இன்னொன்னு. கருவுக்கு உரிமை கிடையாது. அதை நீங்க எழுதின விதத்துக்குத்தான் உரிமை. 1978-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மாமியார் மருமக சண்டை உங்களுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை."

"எங்க வீட்டுச் சண்டையுமா?" என்றார் ஓனர், நொந்துபோய்.

சிரித்தாலும், அவர் பயம் முழுக்க வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. வாரம் ஒரு அத்தியாயம் என்று வீட்டு வேலைக்கு நடுவே தொடர்கதை எழுதும் பெண்கள் தமிழில் ஏராளம். முடிந்த மறுநாளே அது பிடிஎஃப் ஆகி டெலிகிராமில் கிடக்கும். இன்னொருவர் அதை உருகி உருகி வாசித்து யூடியூபில் போட்டு விளம்பரக் காசு பார்ப்பார். எழுதியவர் பெயர் எங்கும் இருக்காது. வக்கீல் அதற்கும் வழி சொன்னார்: சாபம் விடாமல், எடுத்தவர் பதிவின் இணைப்பு, உங்கள் பதிவின் இணைப்பு, இரண்டின் தேதி மூன்றையும் வைத்து அந்தத் தளத்துக்கே புகார் எழுத வேண்டும்; பெரிய தளங்களில் அதற்கென்றே படிவம் உண்டு. தெரிந்தே திருடியவருக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. உரிமையை விற்றே விட்டாலும், 'எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரோடு இருக்கும். 57-ஆம் பிரிவு.

57 என்ற எண் ஓனருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாளே பைக்கின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்: 'பிரிவு 57'. போலீஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்து, ஏதோ கட்சி என்று நினைத்து வழிவிட்டாராம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பழைய பேப்பரில் படித்தவர், "நம்ம கதைக்கும் அதை வாங்கணும்" என்று ஓடிவந்தார். அந்தக் குறியீட்டில் தனி ஓனர் கிடையாது, அந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிற எல்லாருக்கும் பொது என்று விளக்கினேன். "பொதுவா?" என்று ஒரு முறை முறைத்தார். அதோடு அந்த ஆசை போயிற்று.

இத்தனை காவல் காக்கிறவர் மற்றவர் கதைக்கு என்ன செய்வார்? காலை ஐந்தரைக்கு எழுந்ததும் முதல் வேலை, நாலு பேர் எழுதியதை நாற்பது பேருக்கு அனுப்புவது. மேலே 'படித்ததில் பிடித்தது' என்று போடுவார். கீழே இருக்கும் பெயரை வெட்டிவிடுவார். ஏன் என்றால், "நீளமா இருந்தா யாரும் படிக்க மாட்டேங்கறாங்க சார்."

அவருடைய சொத்துகளில் தலையாயது 'மூவர்' என்ற கதை. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கு ஒருவராகப் பிரிந்து போகிறார்கள். கொல்லிமலை, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறி அவரவர் வம்சம் பெருகுகிறது. கல்வராயன் மலைக்குப் போன ஒருநாள் தன் மண்டையில் மின்னலாக உதித்தது என்றார். எனக்குக் கொஞ்சம் இடித்தது. அவரை அழைத்துக்கொண்டு மலையேறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கரியாலூர் வந்தபோது ஓனருக்கு வாந்தி வரும்போல இருந்தது; ஆனாலும் மரவள்ளிக் காட்டைக் காட்டி, "இதையும் கதையில எழுதி வெச்சிருக்கேன், யாரும் எடுக்கக் கூடாது" என்றார். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு திண்ணை. கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்த பாட்டி அவரைப் பார்த்ததும், "வா தம்பி, போன தடவ பாதியில பஸ் வந்துடுச்சுன்னு ஓடிட்டியே, மீதிக் கதைய கேக்கலியா?" என்றார்.

ஓனர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தார்.

"இந்தக் கதை யாரோடது பாட்டி?" என்று கேட்டேன்.

"எங்க மாமியா சொல்லும்."

"அவங்களுக்கு?"

"அதுக்கு அதோட மாமியா."

"மூணு பேர்ல பெரியவரு எந்த மலைக்குப் போனாரு?"

பாட்டி யோசிக்கவே இல்லை. "கேக்கறவங்க எந்த மலையோ, பெரியவரு அந்த மலைக்குத்தான் போனாரு."

இந்த மலைக்கே ஓனர் யார் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. ஜாகீர்தாரர்கள் கையிலிருந்து 1976-இல்தான் மலை அரசாங்கத்திடம் முழுமையாக வந்தது. அதுவரை நிலத்துக்கு எஜமான் உண்டு, காட்டுக்கு எஜமான் உண்டு. கதைக்கு மட்டும் ஒருத்தரும் வரி கேட்டதில்லை. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் பட்டா இல்லாமல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இறங்கி வரும்போது ஓனரிடம் இன்னொரு செய்தியும் சொன்னேன். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் மூன்று சகோதரர் கதை, எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் ரங்காச்சாரி துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலேயே இருக்கிறது. அட்டையில் தர்ஸ்டன் பெயர். மலையில் சொன்ன வாய்க்குப் பெயர் இல்லை.

ஓனர் சீட்டைவிட்டு எழுந்துவிட்டார். "1909-லயே என் கதையைத் திருடிட்டானா!"

கண்டக்டர் உட்காரச் சொன்னார். நான் மெதுவாக, பாட்டி எழுதிய கதை என்று இல்லாவிட்டாலும், பாட்டியிடம் கேட்டது என்று கீழே ஒரு வரி போடலாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போட்டா ராயல்டி கேக்காதா? அதுவும் இல்லாம, போன தடவையே பாட்டிக்கு வெத்திலபாக்கு வாங்கிக் குடுத்தேன். வெத்திலபாக்கு மாத்திட்டா நம்ம பக்கம் அது அக்ரிமென்ட்டு சார்."

மூன்று வாரம் கழித்து அது நடந்தது. பெங்களூரில் இருக்கும் மருமகனிடமிருந்து ஓனருக்கு ஒரு வாட்ஸப். 'மூவர்' கதை, முழுசாக. மேலே 'படித்ததில் பிடித்தது'. எச்சரிக்கை முப்பது வரியும் காணோம். பெயர் காணோம். எழுத்துப்பிழைகளை யாரோ திருத்தி வேறு இருந்தார்கள். குறைந்தது ஐந்து கை மாறிவிட்டது என்று காட்டும் இரட்டை அம்பு மட்டும் இருந்தது. அடியில் மருமகன் எழுதியிருந்தார்: "மாமா, இதைப் படிங்க. நீங்களும் இந்த மாதிரி எழுதப் பழகணும்."

அன்று ஓனர் கடையைச் சாத்திவிட்டார். இரட்டை அம்பைப் பார்த்துச் சிரிப்பதும், பெயர் இல்லாத இடத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சுவதுமாக உட்கார்ந்திருந்தார். புகார் கொடுக்கலாமா என்றேன். "எழுதினவன் நான்னு ஒரு வரி இருந்தா போதும் சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். வெள்ளிமலைத் திண்ணையில் கடுக்காய் உடைக்கும் ஒருவருக்கும் அதே ஒரு வரி பாக்கி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் ஊரிலும் ஒரு ஓனர் இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை. இந்தக் கட்டுரை பிடித்திருந்தால் தாராளமாகப் பகிருங்கள். பாஸ்போர்ட் போட்டோ போடவில்லை, சாபமும் கிடையாது. எழுதியவன் பெயரை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால், நாளைக் காலை ஐந்தரைக்கு ஓனர் இதை எனக்கே அனுப்பி வைப்பார், அடியில் முப்பது வரி எச்சரிக்கையோடு.