பதினைந்து மீட்டர் சாம்ராஜ்யம்

வெயில் தாழ்ந்ததும் புதுச்சேரியின் பெத்தாங்க் ஆட்டக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைக்குள் மூன்று இரும்புக் குண்டுகள், துடைக்க ஒரு துணி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாவாக இருக்கலாம். ஆட்டத்தின் பெயரைத் தவிர வேறு பிரெஞ்சு அறியாத மெக்கானிக்காகவும் இருக்கலாம். அவரிடம் "உங்க கிளப் கிரவுண்டு எப்படி?" என்று கேட்டால், அன்றைக்கு வீட்டில் சோறு ஆறிப்போகும்.

கொடைக்கானல் கோல்ப் கிளப்காரர் பேசினால் ஒரு நியாயம் உண்டு. 1895இல் தொடங்கிய கிளப். மலை, புல்வெளி, நடுவே வந்து மேயும் காட்டெருமை. இவரிடம் இருப்பதோ பொடிக்கல் கலந்த மண்தரை. பன்னாட்டுப் போட்டிக்கே 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் போதும். அந்தத் துண்டு நிலத்துக்குள் இவருக்கு மேடுண்டு, சரிவுண்டு, மழைக்கு முந்தைய குணம், பிந்தைய குணம் எல்லாம் உண்டு. "வேப்பமரத்துப் பக்கம் போட்டா குண்டு தானா உள்ள திரும்பும், தம்பி. பழகினவனுக்குத்தான் தெரியும்."

பிரான்சின் லா சியோத்தா ஊரில், 1910 வாக்கில், மூட்டுவாதத்தால் ஓட முடியாமல்போன ழூல் லெனுவார் என்பவருக்காக உருவான ஆட்டம் இது. இரண்டு காலையும் வட்டத்துக்குள் ஊன்றி நின்று, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் 30 மில்லிமீட்டர் மரக்குண்டை நெருங்கும்படி எறிய வேண்டும். ஓட வேண்டாததால் மூச்சு மிச்சம். அதை நம்மவர் பேச்சில் செலவழிக்கிறார்.

எதிராளியின் குண்டைத் தட்டிவிட்டு அதே இடத்தில் தன் குண்டு நின்றால் அது 'கரோ'. அதற்குக் காரணம் அவர் கை. குறி தப்பினால் காரணம் கல். அந்தக் கல்லை அகற்ற விதியில் இடமில்லை. முந்தைய குண்டு பறித்த ஒரே ஒரு குழியை மட்டும் மூடலாம். அவரும் ஒன்றைத்தான் மூடுகிறார்; அவர் செருப்புதான் சற்று அகலம். எறிவதற்கு ஒரு நிமிடம் என்று வரம்பு உண்டு, விளக்கத்துக்குக் கிடையாது.

சரித்திரமும் கைவசம் இருக்கிறது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது; 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி முடிந்தது. அவர் கணக்கில் இவ்விரண்டுக்கும் நடுவே ஊரில் நடந்த ஒரே பெரிய சம்பவம், அவருடைய மாமா அதே வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை 13-0 என்று கவிழ்த்தது. பூஜ்யத்தில் தோற்றவர் ஃபானி என்ற பெண்ணின் பின்புறப் படத்துக்கு முத்தமிடுவது பிரான்சில் வழக்கம். அதிகாரி முத்தமிட்டாரா, மரத்தைக் கும்பிட்டாரா என்பது சொல்லும் நாளைப் பொறுத்தது.

அடுத்த கிளப்புக்குப் போய்த் தோற்றால் சங்கடமே இல்லை. "அது கிரவுண்டா? கடற்கரை மணலு. குண்டு உக்காந்துடுது." தோற்றது சொந்தத் தரையில் என்றால்தான் கொஞ்சம் யோசிக்கிறார். வெளியூரிலிருந்து வந்த பையன்கள் போன ஞாயிறு அவரை 13-4 என்று முடித்துவிட்டு, "என்னண்ணே, மரத்துப் பக்கம் குண்டு திரும்பவே இல்லியே?" என்றார்கள்.

குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வந்தவங்களுக்கு விட்டுக்குடுக்கும் தம்பி, நம்ம தரை. ரொம்ப மரியாதை தெரிஞ்சது."