அருவி தெரியும் அறை

ஒகேனக்கல்லில் அறை பிடிப்பவர்கள் கவனிக்க: விளம்பரப் படத்தில் கட்டிலுக்கு எதிரே கொட்டும் அருவி உண்மையானதுதான். கட்டில்தான் அந்த இடத்தில் இல்லை. நேரில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி.

காவிரியும் இதற்கு உடந்தை. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்துவிட்டால் வெள்ளம், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. கடும் கோடையில் பாறைதான் பாக்கி. படம் எடுப்பவர் மட்டும் எப்படியோ இடைப்பட்ட நல்ல நாளில் வந்துவிடுகிறார், அகலக் கோண லென்ஸோடு. பத்துக்குப் பத்து அறையில் கபடி ஆடலாம் போலத் தெரியும்.

ஏமாற்று விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வரவேற்பு மேசையில் அதைச் சொல்லிப் பாருங்கள். "சூடா இருக்கீங்க சார், எண்ணெய் மசாஜுக்கு ஆள் வரச் சொல்லட்டுமா?" என்பார்கள்.