மழை வந்தால் வாங்கிக்கொள்ளலாம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மழைப் பதிவில் மிக வறண்ட ஆண்டு 2011. வேளாண்மையில் மட்டும் 762 கோடி டாலர் நட்டம். அதில் மிகப் பெரிய பங்கு மாட்டுக்காரர்களுடையது. குளம் வற்றி, புல் கருகி, வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வந்த காய்ந்த புல்லை வாங்க முடியாமல் மந்தைகளை விற்றார்கள். அவர்களில் சிலருக்கு வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில்.

கணக்கில் உட்கார்ந்தபோதுதான் கொடுமை புரிந்தது. எல்லாம் இழந்த வருஷத்தில்தான் தாளில் வருமானம் அதிகம். சொந்தப் பட்டியில் பிறந்த பசுவுக்கு வாங்கிய விலை என்று ஏதும் கிடையாது. வளர்த்த செலவை வருஷாவருஷம் கழித்தாயிற்று. ஆகவே விற்ற தொகை முழுக்க லாபம். இன்னும் பல ஈத்து காணவேண்டிய தாய்ப்பசுவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வந்தவரிடம் அதை லாபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்லவேளையாக அந்த நாட்டுச் சட்டம் 1956லேயே இதைக் கண்டுகொண்டது. முதலில் வறட்சிக்கு மட்டும். 1997இல் வெள்ளமும் மற்ற வானிலைக் கேடுகளும் சேர்ந்தன. வழக்கமாக 30 பசு விற்பவர் வறட்சியால் 80 விற்றால், கூடுதலான 50க்குக் கிடைத்த லாபத்துக்கு உடனே வரி இல்லை. அந்தப் பணத்தில் அதே வகை மாடு திரும்ப வாங்கினால் போதும். கெடு 2 வருஷம். பேரிடர்ப் பகுதி என்று மத்திய அரசு அறிவித்த இடமானால் 2004 முதல் 4 வருஷம். வறட்சி விடாவிட்டால் கெடுவும் நீளும். வறண்ட மாவட்டங்களின் பட்டியலை வரித்துறை ஒவ்வொரு செப்டம்பரிலும் வெளியிடுகிறது. கறவை, இனவிருத்தி, உழவு மாடுகளுக்குத்தான் இது, கோழிக்கு இல்லை. கன்றுகளை விற்றவருக்குத் தனி விதி: வருமானத்தை அடுத்த வருஷக் கணக்குக்குத் தள்ளலாம்.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். 1983 வறட்சியில் எங்கள் அப்பாரு காங்கயம் மாடுகளைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போனார். மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் வேரோடு காய்ந்துவிட்டது. சோளத்தட்டு எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. துண்டுக்கடியில் தரகர் விரலைப் பிடித்துச் சொன்ன விலை பாதிகூட இல்லை. “மழ பேஞ்சா வாங்கிக்கலாம் சாமி” என்றார் என்னிடம். ரசீது இல்லை, வரி இல்லை, யாரும் கேட்கவில்லை. மழை பெய்ததும் எல்லாரும் மாடு தேடினார்கள். விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அப்பாரு பட்டி அதன் பிறகு நிறையவே இல்லை. அவர் நம்பிச் சொன்னதைத்தான் டெக்சாஸ்காரனுக்குச் சட்டம் எழுத்தில் கொடுத்திருக்கிறது.

இன்று ஊரில் பால் பணம் வங்கியில் விழுகிறது. பான் அட்டை இல்லாத பண்ணை இல்லை. பயிர் வருமானத்துக்கு வரி கிடையாது. பால்பண்ணை வருமானம் அந்தச் சலுகையில் சேராது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், தொழிலுக்கு வைத்திருந்த மாடு செத்தாலோ இனிப் பயன்படாது என்றானாலோ அந்த நட்டத்தைக் கழித்துக்கொள்ள இடம் தந்தது. தீவனமில்லாமல் விற்ற நல்ல மாட்டுக்கு அதில் இடமில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, அடுத்த ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். அப்போதும் கறவைகள் சந்தைக்குத்தான் போயின. அப்படி விற்பவர் திரும்ப வாங்க 4 வருஷம் தரும் ஓர் உட்பிரிவு நம் சட்டத்திலும் வேண்டும். அதை எழுத ஒரு பக்கம்கூடத் தேவைப்படாது.