மேகத்துக்குள் ஒரு டன் விறகு

மலேசியாவில் குளிர் என்பது விலைக்கு விற்கும் சரக்கு. கோலாலம்பூரில் அதை ஏர்கானில் அடைத்து விற்கிறார்கள். கேமரன் மலையில் நாங்கள் திறந்தவெளியில், ஸ்ட்ராபெர்ரியோடும் அவித்த சோளத்தோடும் சேர்த்து விற்கிறோம். பள்ளி விடுமுறை வந்தால் தாப்பா பாதையிலும் சிம்பாங் பூலாய் பாதையிலும் காடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறிவரும். வந்து இறங்குகிறவர் முதல் வேலையாக வாயைக் குவித்து ஊதிப் பார்ப்பார், புகை வருகிறதா என்று. வராது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,440 மீட்டர் உயரம்தான். ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கினாலே எங்களுக்கு அது பெரிய குளிர். 1978 பிப்ரவரி முதல் தேதி இங்கே 7.8 டிகிரி பதிவானது. நாட்டில் அதிகாரபூர்வமாகப் பதிவானதில் அதுதான் மிகக் குறைந்த வெப்பநிலை. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இன்றுவரை கம்பளித் தொப்பி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

என் மச்சினன் பிரிஞ்சாங்கில் ஹோம்ஸ்டே நடத்துகிறான். அறை எடுக்கக் கூப்பிடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்களாம். வைஃபை இருக்கிறதா, தேயிலைத் தோட்டம் தெரியுமா, நெருப்பு மூட்டிக் குளிர்காய இடம் உண்டா? முதல் இரண்டுக்கும் அவன் எதையோ சொல்லிச் சமாளித்துவிடுவான். மூன்றாவதில் மாட்டிக்கொள்வான். காரணம், வெள்ளைக்காரன். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். 1925இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, மலைவாசஸ்தலத்துக்குத் தோதான இடம் என்றார். அடுத்து வந்த வருடங்களில் பாதை வந்தது, பங்களாக்கள் வந்தன, கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் ஸ்மோக்ஹவுஸ் விடுதி வந்தது. ஊர் நினைப்பில் துரைமார் கணப்பு கட்டிக்கொண்டார்கள். துரைமார் போய்விட்டார்கள், கணப்பு படத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிற சிங்கப்பூர்க்காரருக்கு, கேமரன் என்றால் எரிகிற கட்டை முன்னால் காலை நீட்டி உட்கார வேண்டும்.

புகைபோக்கிக்கு இடமில்லாத மாடி வீட்டில் கட்டையை எப்படி எரிப்பது? மச்சினன் ராத்திரி பகலாகப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் பெல்லட் அடுப்பு. கண்ணாடிக் கதவு, சுவரில் ஒரு சின்னக் குழாய், பொத்தானை அழுத்தினால் நெருப்பு. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறதாம். பெல்லட் என்பது வேறொன்றுமில்லை, மர ஆலையில் மிஞ்சுகிற தூள். அதைக் காயவைத்து, துளைகள் போட்ட இரும்பு அச்சுக்குள் பலமாக அழுத்தினால், அந்தச் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தூளை ஒட்டிவிடும். பசை வேண்டாம். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமனில், விரல் நகம் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் துண்டு துண்டாக வந்து விழும். மலேசியாவிலேயே செய்கிறார்கள். செய்து, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் மின்நிலையத்தில் எரிக்க அனுப்புகிறார்கள். அவர்களுக்குக் குளிர் இருக்கிறது, அல்லது கரண்ட் தேவை இருக்கிறது. எங்களுக்கு மச்சினன் இருக்கிறான்.

சில்லறையாக வாங்கினால் கட்டாது என்று ஒரு டன் வரவழைத்தான். பதினைந்து கிலோ மூட்டைகள், அறுபதுக்கும் மேலே. ஹோம்ஸ்டேயில் ஒவ்வொரு அறைக்கும் வாடகை வருகிறது. எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் வரவில்லை. ஆகவே லோரி நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

“மச்சான், சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும். ஒன்றரை கன மீட்டர்தான்.”

ஒன்றரை கன மீட்டர் என்று கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கிறது. இறக்கி அடுக்கிய பிறகு என் காடி மழையில் நின்றது.

அம்மா கைத்தடியோடு வெளியே வந்தார். ஒரு மூட்டையின் ஓட்டை வழியாக நாலைந்து துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “எத்தனை கோழி வளக்கப் போறான்?” என்று கேட்டார். அடுப்பில் போட்டு எரிக்க என்றதும் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பரிதாபம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். விடிவதற்கு முன் எழுந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடியவர். மேகத்துக்குள் குடியிருந்துகொண்டு அடுப்பு எரியவைப்பது எப்படி என்பதில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஐரோப்பாவில் ஆள் கிடையாது.

தேயிலைச் செடியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். அப்போது விழுகிற மிலாறுதான் லயத்து வீடுகளின் விறகு. பாசியும் வெள்ளைப் பூசணமும் அப்பிய, முழங்கை முழங்கையாக வளைந்த குச்சிகள். பச்சையாக இருக்கும்போது கட்டித் தலையில் வைத்தால் கழுத்து உள்ளே போய்விடும். அம்மா அதை நேரே அடுப்புக்குக் கொண்டுபோக மாட்டார். முதலில் தாழ்வாரத்தில், கல்லின் மேல், காற்று ஊடே போகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக. அங்கே பாதி காய்ந்ததும் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற பரணுக்கு ஏறும். கீழே சோறு வேகும், மேலே அடுத்த வாரத்து விறகு புகையில் காயும். மழை மாதக்கணக்கில் பெய்தாலும் பரணிலிருந்து ஒரு குச்சியை உருவி முழங்காலில் வைத்து ஒடித்தால் படக்கென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் நாராகக் கிழிந்தால் அது மறுபடி மேலே போகும். இவ்வளவுதான் அம்மாவின் ஈரமானி.

மச்சினனுடைய ஈரமானிக்கு பேட்டரி வேண்டும். அதைக் கார் போர்ச்சில் மாட்டினான். தொண்ணூறைக் காட்டியது. நல்ல பெல்லட்டில் ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரக்கட்டுப்பாடு. காற்றில் ஈரம் தொண்ணூறு சதவீதம் என்றால், திறந்து கிடக்கிற எந்த மரமும் காற்றிலிருந்து உறிஞ்சி உறிஞ்சி இருபது சதவீதத்தில் போய் நிற்கும். கட்டையாக இருந்தால் அப்போதும் கட்டைதான். புகைந்துகொண்டாவது எரியும். பெல்லட்டுக்கு அந்த மானம் கிடையாது. அழுத்திப் பிடித்து வைத்த தூள்தானே, ஈரம் பட்டதும் பழைய நினைப்பு வந்துவிடும். இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஊதி, உதிர்ந்து, மறுபடி மரத்தூளாகிவிடும். ஒரு மூட்டையில் எலி ஓட்டை போட்டிருந்தது. நாலு நாள் மஞ்சு இறங்கியது. மூட்டையைத் தூக்கினால் உள்ளே உப்புமா.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது இடப்பெயர்ச்சி. தரையில் வைக்கக் கூடாது, சிமெண்ட் வழியாக ஈரம் ஏறும் என்றார்கள். லோரியில் சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள் வந்தன. சுவரோடு ஒட்டக் கூடாது என்றார்கள். நடுவில் வந்தது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்தது, கட்டாமல் விட்டால் சாரல் அடித்தது. இந்த மலையில் தக்காளிக்குக் கூரை உண்டு, கீரைக்குக் கூரை உண்டு, சரிவு சரிவாகப் பிளாஸ்டிக் கூடாரங்கள் பளபளக்கின்றன. எங்கள் பெல்லட்டுக்குத்தான் கதியில்லை. கடைசியில் மச்சினன் எங்கள் படுக்கையறையைப் பார்த்தான்.

“அக்கா, கட்டிலுக்கு அடியிலே பாதி போயிடும்.”

இந்த இடத்தில் நான் வேடிக்கையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பெல்லட் பார்ப்பதற்குச் சாதுவான பொருள், ஆனால் குவியலாக அடைத்து வைத்தால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். எரிய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே வரும். மரத்தில் இயல்பாக இருக்கிற கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மெல்ல மாறுகிறபோது உண்டாகிற வாயு அது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் பெல்லட் கப்பலின் சரக்கறைப் படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இறந்தார். 2010இல் ஜெர்மனியிலும் 2011இல் சுவிட்சர்லாந்திலும் குடியிருப்புகளுக்கான பெல்லட் கிடங்குக்குள் போனவர்கள் வெளியே வரவில்லை. அவை பல டன் கொள்ளும் மூடிய கிடங்குகள். நாலு மூட்டையால் அப்படி ஆகிவிடாது. ஆனாலும் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு தூங்குகிற ஊரில், படுக்கிற அறையில் அரை டன்னை வைக்கச் சொல்கிறவன் உறவுக்காரனாக இருந்தாலும் எழுந்து வாசலைக் காட்டுவதுதான் முறை. என் மனைவி காட்டினாள். நியாயமாகப் பேசினால் அவள் காட்டியது வாயுவுக்காக இல்லை, கட்டிலுக்காக.

அப்புறம் அவன் ஈரம் உறிஞ்சும் மின்கருவி ஒன்று வாங்கி எங்கள் ஸ்டோர் ரூமில் வைத்தான். அது ராப்பகலாக ஓடியது. குளிர்காய வாங்கிய எரிபொருளைக் காயவைக்கக் கரண்ட், அந்தக் கரண்டில் ஒரு ஹீட்டரைப் போட்டிருந்தால் நேராகவே குளிர்காய்ந்திருக்கலாம். இதை நான் சொன்னபோது, “மச்சான், உங்களுக்கு ஐரோப்பிய முறை புரியல” என்றான்.

புரியாமல் என்ன? இந்த மலையின் பிழைப்பே அதுதான். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே தொழில் என்பது தண்ணீரை விரட்டுவதுதானே. கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாடவைத்து, உருட்டி, புளிக்கவிட்டு, கடைசியில் சூடான காற்றுக்குள் ஓட்டி மூன்று சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் அது தேயிலைத்தூள். இலங்கையிலும் நீலகிரியிலும் அந்தச் சூட்டுக்காகவே தொழிற்சாலைகள் டன் டன்னாக விறகு எரிக்கின்றன. காய்ந்தது என்று ஒரு பொருள் இந்த உயரத்தில் தானாக இருக்காது. யாராவது பக்கத்தில் எதையாவது எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவின் பரணில் விறகை அடுப்பே காத்தது, தனியாகக் காவலுக்கு ஆள் வைக்கவில்லை. மச்சினனுடைய அடுப்பு பிரிஞ்சாங்கில் இருக்கிறது, பெல்லட் எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் மேகம்.

அடுப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெல்லட்டை உள்ளே தள்ள ஒரு திருகு சுழல வேண்டும், காற்றை ஊத விசிறி ஓட வேண்டும், பற்றவைக்கவும் கரண்ட். மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போகிற ராத்திரிகள்தான் இங்கே உண்மையாகக் குளிர்கிற ராத்திரிகள். அப்போது அது கண்ணாடி போட்ட பீரோ. கரண்ட் இருக்கிற ராத்திரியில் வேறு சங்கடம். அது பனி கொட்டுகிற நாட்டு வீட்டுக்குச் செய்த அடுப்பு. சிரம்பானிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆசையாகப் பற்றவைத்தது. அரை மணியில் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், அப்புறம் ஜன்னலைத் திறந்தார்கள், அப்புறம் மச்சினனைக் கூப்பிட்டு மின்விசிறி கேட்டார்கள். படம் மட்டும் நன்றாக வந்தது.

இப்படியே போயிருந்தால் நாங்கள் ஒரு டன் உப்புமாவோடு நின்றிருப்போம். காப்பாற்றியது ஈப்போவில் இருக்கும் என் கொழுந்தியா. வீட்டுக்கு வந்தவள் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு பூனை மணலா!” என்று வாயைப் பிளந்தாள். பூனை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், செல்லப்பிராணிக் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்பது இதே மாதிரி மரத்தூள் பெல்லட்தான். ஈரம் பட்டதும் உறிஞ்சி, ஊதி, உதிர்ந்து தூளாக வேண்டும், அதற்காகவே பூனைத் தொட்டியில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் எது குற்றமோ அது அங்கே உத்தியோகம். போகும்போது காடி கொள்கிற மட்டும் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் சொல்லி இன்னும் இரண்டு பேர் மலையேறி வந்தார்கள். மச்சினன் அதற்கும் ஒரு விலை வைத்தான், அது வேறு விஷயம்.

அம்மா அந்த உப்புமாவை வாளியில் அள்ளி, கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் கொட்டி மூடாக்குப் போட்டுவிட்டார்.

இன்னும் கொஞ்சம் மூட்டை மீதி இருக்கிறது. ஹோம்ஸ்டேயில் அடுப்பு கண்காட்சிக்கு நிற்கிறது, உள்ளே சிவப்பு பல்பு போட்டிருக்கிறான். கேமரனுக்கு வருகிறவர்கள் தடித்த ஒரு ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி காலுறையும் கொண்டுவந்தால் போதும். பூனை வைத்திருப்பவர்கள் மட்டும் காடியில் கொஞ்சம் இடம் விட்டு வாருங்கள். மச்சினன் கேட்கிற விலையில் பாதி சொல்லுங்கள், கொடுத்துவிடுவான்.