ஈத் வாழ்த்தை விழுங்கிய கோணக்குறி

புத்தளத்தின் தில்லையடி வரைக்கும் செயலியில் அறிவித்தல் அனுப்பும் திணைக்களத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுப் பணிப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: செயலியில் எச்.ரீ.எம்.எல். தமிழ்

எச்.ரீ.எம்.எல். என்பது எழுத்தோடு எழுத்தாகக் கலந்து அனுப்பப்படும் அலங்காரக் கட்டளை. எழுத்து எங்கே தடிக்க வேண்டும், பந்தி எங்கே உடைய வேண்டும் என்பதெல்லாம் கோணக்குறிகளுக்குள் எழுதப்படும். இணைய உலாவிக்கு இது விளங்கும். செயலியின் சாதாரண எழுத்துப் பெட்டிக்கு விளங்காது. கட்டளையையும் சேர்த்தே காட்டிவிடும். கடலுக்குப் போகுமுன் தொலைபேசியைத் திறக்கும் மீனவர், எச்சரிக்கைக்கு முன்னால் ‘கோணக்குறி, பி, கோணக்குறி’ என்று வாசிப்பது இதனால்தான். இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. திணைக்களம் இலவசமாக வழங்கும் கணினிக் கல்வி இது.

அன்ட்ரொயிட்டில் இதற்கென உள்ள மாற்றுக்கருவி தடிப்பு, சாய்வு, இணைப்பு போன்ற சில கட்டளைகளையே அறியும். அட்டவணை அதற்குத் தெரியாது. கட்டங்களை எறிந்துவிட்டு உள்ளே இருந்தவற்றை ஒட்டிவிடும். காற்றின் வேகம் 50, 60 என்று அடுத்தடுத்த கட்டங்களில் இருந்தால் மணிக்கு 5060 கிலோமீற்றர் ஆகிவிடும். அந்தக் காற்றில் வள்ளம் என்ன, புத்தளம் களப்பே இடம்பெயரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறிய ஊரில் ‘இடம்பெயர்வு’ என்ற சொல்லை விளையாட்டாகச் சொல்வதற்கில்லை என்பது வேறு விடயம்.

யூ.ரீ.எஃப்.-8 என்ற குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைற்று. இன்ன முறை என்று சொல்லாமல் ஐபோனிடம் கொடுத்தால், பைற்றுக்கு ஒன்றாக மேற்கத்திய எழுத்துகளைக் காட்டும். ‘க’ முதல் ‘ஹ’ வரை எல்லாவற்றுக்கும் நடுப் பைற்று ஒன்றே: வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவுபெற்ற வணிகக்குறி. நெடுங்கணக்கு எப்போது திணைக்களத்தின் பெயரில் பதியப்பட்டது என்பதை வர்த்தமானியில் அறிவித்திருக்கலாம்.

ஆனால் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அப்படியே ஏற்றுவதற்கு ஈடில்லை. பாமினியில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அதுவே தெரியும். பாமினியில் ‘ஈ’ என்பது இடக் கோணக்குறி, காற்புள்ளி என்பது வலக் கோணக்குறி. ஆகவே ‘ஈத் முபாரக்’ என்று தொடங்கும் வாழ்த்தை எச்.ரீ.எம்.எல். ஒரு கட்டளையாக எண்ணி, அடுத்த காற்புள்ளி வரை விழுங்கிவிடும். பெருநாளன்று தில்லையடிக்கு வாழ்த்தின் வால் மட்டும் வந்து சேரும்.

வடமேல் மாகாணத்திலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்பாடல் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அந்தத் தமிழ் கோணக்குறியோடா, இல்லாமலா என்று உறுப்புரை சொல்லவில்லை. திணைக்களம் அந்த இடைவெளியை முழுமையாகப் பயன்படுத்தியிருக்கிறது.

பரிகாரம் பெரிதல்ல. மூலம் யுனிக்கோட்டில் இருக்க வேண்டும். குறியாக்க முறையைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். அட்டவணை உள்ளவற்றைச் செயலிக்குள்ளான உலாவிப் பெட்டியில் காட்ட வேண்டும். எழுத்தாகவே தெரிய வேண்டிய கோணக்குறியை ஒரேயொரு தடவை மாற்றுக்குறியாக்க வேண்டும். இரு தடவை செய்தால் மாற்றுக்குறியே திரையில் வந்து நிற்கும்.

அடுத்த நோன்புப் பெருநாள் அறிவித்தலை ஏற்றுமுன், அலுவலகக் கணினியில் அல்லாது விலைகுறைந்த ஒரு தொலைபேசியில் அதை ஒருதடவை திறந்து வாசிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.