எலிவளைக்குள் கைவிடுமுன்

எஞ்சினில் ஏதோ ஒரு ஹோஸ் கழன்றுவிட்டது. எது என்று தெரியவில்லை. உங்களுடையது சாதாரணப் பழைய கார் என்றால் பானட்டைத் திறந்து, தொங்குகிற குழாயைச் செருகிவிட்டுக் கைகழுவப் போகலாம். 1991 கடைசியிலிருந்து 2002 வரை மஸ்டா தயாரித்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 என்றால், வாருங்கள், உட்காருங்கள். வீட்டில் 'ராத்திரி சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்' என்று சொல்லியாயிற்றா?

1308 சிசி ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. அட, எவ்வளவு எளிமை என்று தோன்றும். அங்கே மிச்சம் பிடித்த சிக்கலையெல்லாம் டர்போவில் செலவழித்துவிட்டார்கள். டர்போ இரண்டு: ஒன்று ஆரம்ப வேகத்திலேயே ஊதும், மற்றது 4500 ஆர்பிஎம் வாக்கில் வந்து சேர்ந்துகொள்ளும். இந்தப் பொறுப்பு ஒப்படைப்பை நடத்துவதற்குச் சோலினாய்டுகள், ஆக்சுவேட்டர்கள், அழுத்தத்துக்கு ஒரு தொட்டி, வெற்றிடத்துக்கு ஒரு தொட்டி, எல்லாவற்றையும் இணைக்க டஜன் கணக்கில் மெல்லிய ரப்பர் குழாய்கள். பெரும்பாலானவை இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் சுருண்டு கிடக்கும். வண்டிக்காரர்கள் அந்த இடத்தை எலிவளை என்கிறார்கள். எலிகள் பெருந்தன்மையானவை, வழக்குப் போடவில்லை.

முதல் விதி: எதையும் தொடாதீர்கள். வருஷக்கணக்கில் டர்போ சூட்டில் வெந்த ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். கழன்ற ஒன்றைத் தேடி விரலை விட்டால் நன்றாக இருந்த இரண்டு கையோடு வரும்.

தொடாமலே கேளுங்கள், வண்டியே சொல்லும். ஐட்லிங் ஏறி இறங்கினால் மேனிஃபோல்டுக்குள் எங்கிருந்தோ திருட்டுக் காற்று போகிறது. கரும்புகை கக்கி, பெட்ரோல் வாடை அடித்து, அணைந்துபோனால் பிரஷர் சென்சாரின் குழாயைச் சந்தேகியுங்கள். குழாய் இல்லாத சென்சார் வெளிக்காற்றை அளந்துவிட்டு, 'முதலாளி ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார்' என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கும். அதுவும் விசுவாசமாகப் பெட்ரோலை ஊற்றும். 4500-க்கு மேல் வண்டி சோம்பினால் இரண்டாவது டர்போவுக்கு இன்னும் அழைப்பு போகவில்லை. திடீரென்று அபார பிக்கப் கிடைத்தால் மட்டும் பூரித்துப்போகாதீர்கள். வேஸ்ட்கேட் குழாய் கழன்று, டர்போவுக்குக் கடிவாளம் இல்லாமல் போயிருக்கலாம். அப்படியே இரண்டு தரம் மிதித்தால் ரோட்டர் முனையிலுள்ள சீல் உடையும். அதன்பிறகு ஹோஸைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

இனி நண்பர்கள் வருவார்கள். ஒருவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, ஐட்லிங்கில் ஓடும் எஞ்சின்மேல் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வராது. ஐட்லிங்கில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம். சோப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே ஊதாது. எஞ்சினை அணைத்து, உள்ளே கொஞ்சமாகக் காற்றழுத்தம் கொடுத்தால்தான் குமிழி வரும். இன்னொருவர் கார்புரேட்டர் கிளீனரோடு வந்து நிற்பார். பக்கத்தில் கொதிக்கும் டர்போவைக் காட்டி அவரை டீ வாங்க அனுப்புங்கள். நீங்கள் ஒரு முழ நீளக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். 'ஸ்ஸ்' என்ற இடத்தில் ஆள் இருக்கிறது. அதிலும் அகப்படாவிட்டால் புகை மெஷின்தான். லீக் இருக்கும் இடத்தில் புகை தானாக எட்டிப்பார்க்கும்.

புகை கிளம்பும் இடம் மேனிஃபோல்டுக்கு அடியில்தான் இருக்கும். மேல்பாதியைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் கீழே திறந்து நிற்கும் துளைகளில் துணியைத் திணித்துவிடுங்கள். அந்தத் துளைகள் எஞ்சினுக்கே போகிற வழி. நட்டுகளுக்கு அது தெரியும், ஒவ்வொன்றும் உருள ஆரம்பித்தால் நேரே அங்கேதான் போகும்.

இவ்வளவு தூரம் வந்தபின் கழன்ற ஒன்றை மட்டும் செருகிவிட்டு மூடுவது கஞ்சத்தனம். எல்லாவற்றையும் சிலிகான் குழாயாக மாற்றுங்கள், ஒவ்வொன்றாக: பழையதை எடுத்த கையோடு புதியதைப் போட்டுவிட வேண்டும். மொத்தமாகப் பிடுங்கிப் பரப்பி வைத்தால் வரைபடம் இருந்தும் பயனில்லை. நடுவே வரும் ஒருவழி வால்வுகள் எந்தப் பக்கமும் சமர்த்தாகப் பொருந்தும். ஒரு பக்கத்தில்தான் வேலை செய்யும். வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

மூடியாயிற்று. வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பூஸ்ட் மீட்டரைப் பாருங்கள். முள் 10 பிஎஸ்ஐ போகும், 4500-இல் 8-க்கு இறங்கும், திரும்ப 10-க்கு ஏறும். அந்த இறக்கத்தைப் பார்த்து பானட்டைத் திறக்க ஓடாதீர்கள். இரண்டாவது டர்போ வந்துவிட்டது.